மணியம் வரைந்த அட்டைகள்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 'கல்கி' இதழ்கள் இருக்கின்றனவா? எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் 'மணியம்' என்ற கையெழுத்து தென்பட்டால், அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

சுப்பிரமணியம் என்ற மணியம் 1924-ல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுக் 'கல்கி' இதழுக்கு வரைய வந்தார். 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அவருக்கு 26 வயது. அடுத்த மூன்றரை ஆண்டுகள், வாராவாரம் படம் தர வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இளவரசி எப்படிக் கொண்டை போட்டாள், வீரன் இடுப்பில் எதைக் கட்டினான் என்று யாரிடம் போய்க் கேட்பது? சிலைகளிடமும் சுவரோவியங்களிடமும்தான். ஆசிரியர் கல்கி அவரை அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் அழைத்துச் சென்று காட்டினார். இன்றைக்கு எந்தப் பத்திரிகை ஓவியருக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும், சொல்லுங்கள்!

பலன் என்ன? வந்தியத்தேவன் என்றதும் உங்கள் மனக்கண்ணில் ஒரு முகம் வருகிறதல்லவா? திரைப்படம் வருவதற்கு முன்பே நாவலைப் படித்தவர் என்றால், அது பெரும்பாலும் மணியம் கொடுத்த முகம்தான்.

தொடர் 1954-ல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கி காலமானார். மணியம் தொடர்ந்து வரைந்தார். 1968-ல் இறந்தபோது அவருக்கு 44 வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. அவர் மகன்தான் ஓவியர் மணியம் செல்வன்.

ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்து வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து பைண்டு செய்தார்கள். அதனால் கதைப் படங்கள் பிழைத்தன; வண்ண அட்டைகள் பழைய பேப்பரோடு போயின. பெரிய வீட்டைக் காலி செய்து ஃபிளாட்டுக்கு வரும்போது மிச்சமும் போய்விடுகிறது.

அட்டை ஒன்று கிடைத்தால் அசலைச் சுவரில் மாட்டாதீர்கள். நம் பால்கனி வெயிலில் வண்ணம் வெளுத்துவிடும். ஸ்கேன் எடுத்து, பிரதியைச் சட்டமிட்டு மாட்டுங்கள். அசலை ஈரமில்லாத அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை நாளடைவில் பழுப்புக் கறையாகிவிடும். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுக்காமல், முனைகளை நிமிர்த்தி மெல்லக் கழற்றுங்கள்.