பல் மருத்துவத்திற்குக் கல்லூரி கண்டவர்

பினாங்கில் பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் பல் மருத்துவக் குழுவின் வருகை பழக்கமானதுதான். வகுப்பு வகுப்பாக அழைத்துப் பற்களைச் சோதிப்பார்கள், சொத்தையை அடைப்பார்கள், பல் துலக்கும் முறையைக் கற்றுத் தருவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நியூசிலாந்து நாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி இந்தப் பினாங்கில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1929ஆம் ஆண்டில், சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியிருந்தது.

பல் மருத்துவத்தை முறையாகக் கற்க வேண்டும் என்பது இன்று நமக்கு இயல்பான செய்தி. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டாரத்தில் பலர் அப்படி எண்ணவில்லை. பினாங்கிலிருந்து கப்பல்கள் சென்றுவந்த கல்கத்தா மாநகரில், அந்த எண்ணத்தை மாற்றத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. மக்கள் அவரை டாக்டர் ஆர். அகமது என்றே அறிவர்.

இளமையும் கல்வியும்

அகமது 1890ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த ஊர் இன்றைய வங்காளதேசத்தில் உள்ளது. அலிகாரில் பயின்று 1908இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அங்கு அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1915இல் பட்டம் பெற்றார்.

பின்னர், பாஸ்டன் நகரில் சிறுவர்களுக்கென்றே அமைந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். நோய் முற்றும் வரை காத்திராமல் சிறுவயதிலேயே பற்களைக் காப்பதை நோக்கமாகக் கொண்ட இடம் அது. அமெரிக்காவிலேயே தங்கி வசதியாக வாழ அவருக்கு வாய்ப்பு இருந்திருக்கும். ஆயினும், 1919இல் அவர் தாயகம் திரும்பினார்.

குளிர்பானக் கடையில் பிறந்த கல்லூரி

அக்காலத்தில் இந்தியா முழுவதிலும் ஒரு பல் மருத்துவக் கல்லூரிகூட இல்லை. ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கும் நல்ல பழக்கம் மக்களிடம் இருந்தது. ஆனால், பல்லில் நோய் வந்துவிட்டால் பெரும்பாலோர்க்குத் தெரிந்த ஒரே வழி அதைப் பிடுங்குவதுதான். சந்தை ஓரத்தில் குறடு ஏந்தி அமர்ந்திருந்தவர்களுக்குப் படிப்பும் இல்லை. அவர்களைக் கண்காணிக்கச் சட்டமும் இல்லை.

இந்நிலையில், 1920ஆம் ஆண்டு அகமது கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. பணத்திற்கு என்ன செய்வது? அமெரிக்காவில் தாம் கண்ட முறையில் ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் குளிர்பானக் கடையை நடத்தினார். அதில் கிடைத்த வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டார். இனிப்பான பானங்களை விற்றுப் பல்லைக் காக்கும் கல்லூரியை நடத்தியது விந்தைதான்! ஆனால், அந்தக் கடை இல்லையென்றால் அந்தக் கல்லூரியும் இல்லை.

தொடக்கத்தில் சேர்ந்த மாணவர்கள் மிகச் சிலரே. அகமது தளரவில்லை. 1925இல் வங்காளப் பல் மருத்துவச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராகவும் இருந்தார். 1928இல் மாணவர்களுக்கான கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாக இருந்த அந்நாளில் அவர் கல்லூரி பெண்களையும் ஏற்றது. பாகிஸ்தான் தலைவர் முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா அங்குப் பயின்று, 1923இல் பம்பாயில் பல் மருத்துவ நிலையம் திறந்தார்.

வாயும் உடலும்

அகமது மாணவராக இருந்த ஆண்டுகளில் மருத்துவ உலகில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். வாயில் தேங்கும் சீழே உடலின் பல நோய்களுக்குக் காரணம் என்று அவர் வாதிட்டார். அக்கருத்தை அளவுக்கு மீறி நம்பிய மருத்துவர்கள் மூட்டு வலி, சோர்வு முதலியவற்றுக்கெல்லாம் நோயாளிகளின் பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினர். பற்கள் போயின, நோய்கள் போகவில்லை. எனவே, பிற்காலத்தில் அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது.

எனினும், வாய்க்கும் உடலுக்கும் தொடர்பே இல்லை என்று அதற்குப் பொருளன்று. பற்களின்மேல் படியும் பற்படலத்தில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அதை நாள்தோறும் அகற்றாவிட்டால் ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது இரத்தம் கசியும். இந்நிலையில் கவனித்தால் ஈறு முழுமையாகக் குணமடையும். கவனிக்காவிட்டால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குழி உண்டாகும். பல்லைத் தாங்கும் தாடையெலும்பு சிறிது சிறிதாகக் கரையும். பெரும்பாலும் வலியே இல்லாமல் இது நடப்பதால், பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் மருத்துவரை நாடுகின்றனர். முற்றிய ஈறு நோயால் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டுள்ளனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்நோய் வாயோடு நிற்பதில்லை. இனிப்புநீர் என்று நாம் வழங்கும் நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் இருவழித் தொடர்பு உண்டு. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்க்கு ஈறு விரைந்து கெடும். ஈறு நோய் முற்றினால் இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறுக்குச் சிகிச்சை அளித்தால் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளதென 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு கூறுகிறது. ஆகவே, இது நம் வீட்டுச் செய்தியுமாகும். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால், ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அளவுக்கு மீறி நம்பி ஏமாந்த அனுபவம் இருப்பதால், மருத்துவர்கள் இன்று சான்றுகளை நிதானமாக ஆராய்கின்றனர்.

சட்டமும் கொடையும்

கற்றவர் உருவானால் மட்டும் போதாது. கல்லாதவர் கையில் மக்கள் சிக்காமல் காக்கவும் வேண்டும் என்பதை அகமது உணர்ந்திருந்தார். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் நிறைவேற அவர் பாடுபட்டார். நாடு விடுதலை பெற்றபின், 1948இல் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதன்பின், முறையாகக் கற்றுப் பதிவு செய்தவரே பல் மருத்துவர் எனத் தொழில் செய்யலாம் என்ற நிலை உருவானது.

1947இல் நாடு பிரிந்தபோது அவர் பிறந்த ஊர் எல்லைக்கு அப்பால் போனது. அவர் கல்கத்தாவிலேயே இருந்தார். 1949இல், தாம் சொந்தப் பணத்தில் வளர்த்த கல்லூரியை அரசுக்கே கொடையாக வழங்கினார். தம் காலத்திற்குப் பிறகும் கல்லூரி நிலைத்திருக்க அதுவே வழி வகுத்தது. பின்னர், மேற்கு வங்க முதலமைச்சரும் மருத்துவருமான பிதான் சந்திர ராயின் அமைச்சரவையில் அமைச்சராகி, வேளாண்மை முதலிய துறைகளைக் கவனித்தார். 1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

1965: ஒரு முடிவும் ஒரு தொடக்கமும்

1965ஆம் ஆண்டு அகமது மறைந்தார். அதே ஆண்டில், சுவீடன் நாட்டில் பேர் இங்வார் பிரேனமார்க் என்னும் ஆய்வாளர் ஒரு நோயாளியின் தாடையெலும்பில் டைட்டானியத்தால் ஆன செயற்கைப் பல்வேர்களைப் பொருத்தினார். 1950களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதனோடு ஒன்றிவிட்டதை அவர் கண்டிருந்தார். அந்தக் கண்டுபிடிப்பின் பயனே இச்சிகிச்சை.

செயற்கைப் பல்வேர் உறுதியாக நிற்பது எப்படி? பொருத்திய நாளில், மரத்தில் முடுக்கிய திருகாணிபோல எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த சில வாரங்களில் சுற்றியுள்ள பழைய எலும்பு கரைந்து புதிய எலும்பு உருவாவதால், அந்தப் பிடி முதலில் சற்றுத் தளர்கிறது. புதிய எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிய பின்னரே நிலையான உறுதி கிடைக்கிறது. அதனால்தான் பல சமயங்களில் மருத்துவர்கள் சில மாதங்கள் காத்திருந்து, அதன்மேல் பல்லைப் பொருத்துகின்றனர்.

ஆயினும், இவ்வளவு வலிமை வாய்ந்த உலோகமும் ஈறை நம்பியே இருக்கிறது. பற்படலம் சேர்ந்தால், இயற்கைப் பல்லைப் போலவே செயற்கைப் பல்வேரைச் சுற்றியும் ஈறு வீங்கும், எலும்பு கரையும், இறுதியில் அது ஆடி விழும். டைட்டானியத்தில் சொத்தை விழாது என்பது உண்மைதான். அதைத் தாங்கும் எலும்பு உயிருள்ளது என்பதும் உண்மை. முன்பு ஈறு நோய் இருந்தவர்கள், புகைப்பவர்கள், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதவர்கள் ஆகியோர்க்கு இந்த ஆபத்து அதிகம். பல்லை இழந்தபின் புதியது வைத்துக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருப்பவர், அந்தப் புதிய பல்லையும் இழக்கக்கூடும்.

அகமது பிறந்த டிசம்பர் 24ஆம் நாளை இந்தியப் பல் மருத்துவர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர். கல்கத்தாவில் அவர் தொடங்கிய கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல் என்பது வலித்தால் பிடுங்கி எறியும் பொருளன்று, கற்றுக் காக்க வேண்டிய உறுப்பு என்பதே அவர் வாழ்ந்து காட்டிய பாடம். காலையில் பல் துலக்கித் துப்பும் நுரையில் சிவப்பு தெரிந்தால் அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். வலி வரும்வரை காத்திராமல், அடுத்த முறை பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடமோ அருகிலுள்ள அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திலோ அதைச் சொல்லுங்கள்.