மகாகனம் சாஸ்திரியாரின் தூது

புதுடில்லியில் நம் மக்களவை கூடும் நாட்களில் முதற்கண் நடைபெறுவது வினா நேரமாகும். வெளிநாட்டு விவகார மந்திரியார் விடையளிக்கும் முறை வரும்பொழுது, அங்கத்தினர் அவரை இருவகை வினாக்கள் கேட்பர். ஒரு வகை எல்லைத் தகராறு, உடன்படிக்கை, யுத்தம் முதலிய பெரிய விஷயங்களைப் பற்றியது. மற்றொரு வகை, கடவுச்சீட்டுக் கிடைப்பதில் தாமதம், அயல்நாட்டில் கூலி கொடுபடாத தொழிலாளர், கடல் கடந்த நாட்டில் இறந்தவனுடைய உடலை ஊருக்குக் கொணர்தல் போன்றவற்றைப் பற்றியது. முன்னதைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்திற் பொறிக்கும். பின்னதன் விடையை எதிர்நோக்கி எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் உறங்காதிருக்கும். இந்தியாவுக்கென்று அயல்நாட்டு மந்திரி ஒருவர் இல்லாதிருந்த காலத்தில், இவ்விருவகைச் சுமையையும் ஒருங்கே தாங்கிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார்.

அவரை நாம் அயலவராகக் கருத இயலாது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலை சர்வகலாசாலையின் துணைவேந்தராகச் சிதம்பரத்தில் அவர் பணியாற்றினார். இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. 1929-இல் நிறுவப்பட்ட அச்சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தர் சர் எஸ். இ. ரங்கநாதன் பிற்காலத்தில் லண்டனில் இந்திய ஹை கமிஷனராக அமர்ந்தார். இரண்டாமவர் சாஸ்திரியார். மூன்றாமவரான சர் கூர்ம வேங்கட ரெட்டி நாயுடு, சாஸ்திரியாருக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் அவர் வகித்த பதவியையே வகித்தவர். கொள்ளிடத்துக்கு வடகரையில், நெல்வயல்களின் நடுவே எழுந்த ஒரு புதிய கலாசாலையின் தலைமைக்கு அடுத்தடுத்து மூன்று தூதர்கள் வாய்த்தமை எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று.

அவருடைய தூதுக்கும் நம் ஜில்லாவுக்கும் இதனினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து சென்ற டுரூரோ என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றப்பட்டோர் தொகை ஓரிலக்கத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்குக் குறையாது. சென்னைத் துறையிற் கப்பலேறியவருள் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஜில்லாக்களைச் சேர்ந்தோர் மிகப் பலர். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென் ஆர்க்காட்டிலிருந்து மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோரும் எண்ணிறந்தோர். அவர்கள் மீளாமற் போன கதை இப்பக்கத்துக் கிராமங்களில் பாட்டிமார் வாயில் நெடுங்காலம் இருந்தது. அம்மக்களின் பொருட்டுப் பேசவே சாஸ்திரியார் கடல் கடந்தார்.

1869-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி, கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் வறிய வைதிகக் குடும்பத்திற் பிறந்தார். கும்பகோணத்திற் கற்றுப் பட்டம் பெற்று, மாயவரத்திலும் சேலத்திலும் உபாத்தியாயராக இருந்து, பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலைக்குத் தலைமையாசிரியரானார். 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவருள் அவர் முதன்மையானவர். நாற்பது வயதை நெருங்கிய நிலையில், நிலையான ஊதியத்தை உதறிவிட்டு, 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். குடும்பஸ்தராகிய ஓர் ஆசிரியர் அவ்வாறு செய்வது எளிதன்று. ஆசிரியத் தொழிலில் இருப்போர் அதனை நன்கறிவர். 1915-இல் கோகலே மறைந்தபின் அச்சங்கத்தின் தலைமை அவரை வந்தடைந்தது.

அவர் சட்டசபையிற் புகுந்த காலத்தில் வினாவிடை என்பதன் மதிப்பு மிகச் சிறிது. வினா விடுக்கும் உரிமையையே 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அளித்தது; விடையிலிருந்து மேலும் ஒரு துணை வினாக் கேட்கும் உரிமை 1909-இற்றான் வந்தது. விடையளிக்கும் உத்தியோகஸ்தரை எவரும் பதவியிலிருந்து இறக்க இயலாது. ஆகவே கேட்பவருக்கு இருந்த ஆயுதம் ஒன்றே: தவறின்றி அறிந்த செய்தியும், அதனைத் தவறின்றிச் சொல்லும் நாவும். 1916-இல் இம்பீரியல் சட்டசபைக்குச் சென்ற சாஸ்திரியாரிடம் இவ்விரண்டும் நிறைந்திருந்தன. 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய பிரசங்கம் சர்க்கார் தரப்பினரையும் அசையச் செய்தது. எனினும் மசோதா நிறைவேறியது. பேச்சு வென்றும் காரியம் தோற்பது என்ற அனுபவம் அவருக்கு அன்றே தொடங்கிவிட்டது. அதே ஆண்டு காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியபொழுது அவர் அதனை ஏற்கவில்லை. மிதவாதி என்று இளைஞர் அவரை எள்ளியதும் இதனால்தான்.

1921-இல் லண்டனில் நடந்த சாம்ராஜ்ய மகாநாட்டில், டொமினியன்களில் முறைப்படி குடியேறியுள்ள இந்தியருக்குப் பிரஜாவுரிமை அளிப்பது தகும் என்ற தீர்மானத்தை நிறைவேறச் செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்பவில்லை. மறு ஆண்டு ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா ஆகிய நாடுகளைச் சுற்றி, அத்தீர்மானத்தைச் செயலாக்குமாறு வேண்டினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியருக்கு 1925-இல் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் கெனியாவில் நேர்ந்தது பெருந்தோல்வி. 1923-இல் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட அறிக்கை அந்நாட்டு மேட்டு நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கிற்று. தேர்தலிலும் இந்தியரைத் தனித் தொகுதியில் நிறுத்திற்று. சாம்ராஜ்யத்தின் நேர்மையில் நம்பிக்கை வைத்திருந்த அவரை அவ்வடி ஆழமாகத் தாக்கிற்று.

இனித் தென்னாப்பிரிக்க வரலாற்றைக் கூறுவோம். அந்நாட்டு இந்தியரை நகரங்களில் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கும் மசோதா ஒன்றை உள்நாட்டு மந்திரி மலான் கொணர்ந்திருந்தார். 1926 டிசம்பரில் கேப்டவுனில் இரு சர்க்கார்களும் கூடிப் பேசின. இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் சர் முகம்மது ஹபீபுல்லா. வேலூரில் வக்கீலாக இருந்தவர். கடல் கடந்த இந்தியரைப் பற்றி டில்லிச் சட்டசபைகளில் எழும் வினாக்களுக்கு விடை தரும் இலாகா அப்பொழுது அவர் பொறுப்பில் இருந்தது. சாஸ்திரியார் குழுவில் ஓர் அங்கத்தினர். 1927 பிப்ரவரியில் உடன்படிக்கை வெளியாயிற்று. மசோதா கைவிடப்பட்டது. மேனாட்டு வாழ்க்கைத் தரத்தை மேற்கொள்ளச் சித்தமாயுள்ள இந்தியர் அங்கேயே வாழலாம் எனவும், அவர்தம் கல்வியும் சுகாதாரமும் உயர ஆவன செய்யப்படும் எனவும் தென்னாப்பிரிக்கா ஒப்புக்கொண்டது. இதற்கு ஈடாக, தாமே விரும்பித் தாய்நாடு திரும்புவோரை வரவேற்று வாழ வழி செய்ய இந்தியா இசைந்தது. திரும்பும் வயது வந்தோருக்கு 20 பவுனும் குழந்தைக்கு 10 பவுனும் கப்பற் செலவும் கிடைக்கும். மூன்றாண்டுக்குள் மீண்டு செல்லாதவருக்குத் தென்னாப்பிரிக்காவில் வாழும் உரிமை அற்றுப்போகும். இக்கடைசி விதியைப் படிப்போர் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

உடன்படிக்கையைக் காத்து நடத்த இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் வேண்டியிருந்தது. சாஸ்திரியாரே தக்கவர் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். உடல் நலிவுற்றிருந்த சாஸ்திரியார் தயங்கிப் பின் இசைந்து, 1927 ஜூன் முதல் 1929 ஜனவரி வரை அங்கே பணியாற்றினார். முன்பு சபையில் வினா விடுத்தவர், இப்பொழுது டில்லியில் கூறப்படும் விடைகளுக்கு ஆதாரமான அறிக்கைகளை எழுதுபவரானார்.

அவருடைய அலுவலைப் பார்த்தால் தூதர் என்னும் சொல்லுக்கு நாம் கொண்டுள்ள ஆடம்பரப் பொருள் மறைந்துவிடும். டிரான்ஸ்வாலில் முறையான அனுமதியின்றிப் பல்லாண்டுகளுக்கு முன் நுழைந்து குடித்தனம் நடத்திவந்த இந்தியர் பலர். புதிய சட்டத்தின்படி அவர்களை எந்நாளும் வெளியேற்றலாம். தாமே முன்வந்து உண்மையை ஒப்புக்கொண்டு மனுச் செய்வோர் மன்னிக்கப்படுவர் என்ற ஏற்பாட்டைச் சாஸ்திரியார் பெற்றார். பெற்றதோடு வேலை முடியவில்லை. தம்மைத் தாமே சர்க்காரிடம் காட்டிக்கொடுப்பதா என்று மக்கள் அஞ்சினர்; சந்தேகித்தனர்; சிலர் அவரையே ஐயுற்றனர். அவர் ஊர் ஊராகச் சென்று விளக்க வேண்டியிருந்தது. மதுபான மசோதா ஒன்று வந்தது; அதில் மது விற்கும் விடுதிகளில் இந்தியர் வேலை செய்யலாகாது என்று ஒரு பிரிவு நுழைக்கப்பட்டிருந்தது. நேட்டால் விடுதிகளில் பரிசாரகராயிருந்த எத்தனையோ குடும்பத்தலைவரின் பிழைப்பு அப்பிரிவோடு போயிருக்கும். அச்சட்டசபையில் அவருக்கு இடமில்லை. கேப் மாகாணத்தார் நீங்கலாக இந்தியருக்கு வாக்கும் இல்லை. மந்திரிகளையும் அங்கத்தினரையும் நேரிற் கண்டு பேசிப் பேசியே அப்பிரிவை நீக்குவித்தார்.

கல்வியை அவர் தலைமேற்கொண்டமை, பழைய உபாத்தியாயராகையால் இயல்பே. நேட்டாலில் இந்தியச் சிறுவருட் பெரும்பாலோர் பள்ளியின் வாயிலையே காணாதவர். அந்நிலையை ஆராய ஒரு கமிஷன் அமையச் செய்து, அதற்குத் துணைபுரிய இந்தியாவிலிருந்து கல்வி நிபுணர் இருவரை வருவித்தார். அவருள் ஒருவர் நம் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையைச் சேர்ந்த அம்மையார். ஆசிரியர்களைப் பயிற்றவும் உயர்தரக் கல்வி அளிக்கவும் டர்பனில் ஒரு கலாசாலை எழுப்ப எண்ணி, இந்திய வியாபாரிகளிடமும் ஏழைத் தொழிலாளரிடமும் கையேந்தினார். சுமார் 20,000 பவுன் சேர்ந்தது. 1929 அக்டோபர் 14-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் அத்லோன் பிரபு அதனைத் திறந்துவைத்தார். சாஸ்திரி கலாசாலை என்னும் பெயருடன் அது நிலைத்தது.

அவமதிப்புக்கும் குறைவில்லை. 1928-இல் கிளர்க்ஸ்டார்ப் என்னும் டிரான்ஸ்வால் நகரில் அவர் பேசிய கூட்டத்தினுள் வெள்ளையர் சிலர் புகுந்து குழப்பம் விளைத்துக் கலைத்தனர். அந்நாட்டுச் சர்க்கார் வருத்தம் தெரிவித்தது. அவர் அதனைப் பெரிதுபடுத்தாது அடுத்த ஊர்க் கூட்டத்துக்குச் சென்றார். அவ்வாண்டிலேயே இந்திய சர்க்கார் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தையும் வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

இனி, உடன்படிக்கையின் விலையைக் கூறாதொழிவது நேர்மையாகாது. திரும்பி வந்தோருட் பலர் நேட்டாலிலேயே பிறந்தவர். தாய் தந்தையர் பிறந்த கிராமம் அவர்களுக்குப் பெயரளவில் மட்டும் தெரியும். கையிலிருந்த பவுன்கள் கரைந்தன. உறவினர் சேர்க்க மறுத்தனர், சாதியை வினவினர். வேலை கிடைக்காமற் சென்னையிலும் கல்கத்தாவிலும் சேரிகளில் அலைந்தனர். 1931-இல் பவானி தயாள் சன்யாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை இத்துயரத்தை விரித்துரைத்தது. மூன்றாண்டு கழிந்தபின் மீளும் வழியும் அடைபட்டது. சாஸ்திரியார் கருணையற்றவர் அல்லர். எஞ்சியோரைக் காப்பதற்கு இவ்விலையைக் கொடுத்தே தீரவேண்டும் என்று கருதினார். கொடுத்தவர் அவரல்லர், அவ்வேழைகளே என்பதை மறத்தல் கூடாது. ஆனால் படையும் கொடியும் இல்லாத ஒரு நாட்டின் தூதர், மசோதாவைத் தடுக்க வேறு எதனை ஈடாக வைத்திருக்க முடியும்? இவ்வினாவை நம் மாணவர் விவாதச் சங்கத்தில் எடுத்து ஆராய்வாராயின் நன்று.

சிதம்பரத்துக்கு வந்தபின்னும் தூது அவரை விடவில்லை. துணைவேந்தராயிருக்கும்பொழுதே, 1936 டிசம்பரில் மலேயாவுக்குச் சென்று இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராயுமாறு இந்திய சர்க்கார் அனுப்பிற்று. குறைக்கப்பட்டிருந்த கூலியை, ஆடவருக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று அவர் அறிக்கை கூறிற்று. எனினும் தொழிலாளர் மலேயாவுக்குச் செல்வதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் எழுதினார். அறிக்கை மிக மென்மையானது என்று மலேயா இந்தியத் தலைவர்கள் குறைகூறினர். அவர்கள் கூறியது முற்றும் பிழையன்று. 1938-இல் தோட்ட முதலாளிகள் கூலியை மீண்டும் குறைக்கவே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளரின் பயணத்தைத் தடுத்துவிட்டது. தென் ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி அழைத்துச் செல்லும் வழக்கம் அத்துடன் ஓய்ந்தது.

1940-இல் கலைச்சொல் ஆராய அரசாங்கம் அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானபொழுது, வடமொழிச் சார்பு மிகுந்தவர் என்று தமிழறிஞர் கடுமையாக எதிர்த்தனர். ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் துறைபோகிய அவருக்குத் தமிழ்ப் புலவரின் உள்ளம் புலப்படவில்லை என்றே கருதவேண்டியுள்ளது. 1944-இல் மயிலாப்பூரில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி அவர் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளைக் கேட்கத் திரளானோர் கூடினர்.

1946-இன் தொடக்கத்தில், சென்னை மருத்துவமனையிற் கிடந்த அவரைக் காந்தியடிகள் நேரிற் சென்று கண்டார். அரசியலில் எதிரெதிரே நின்ற இருவரும் கோகலேயின் சீடர். தென்னாப்பிரிக்க மண்ணை மிதித்தவர். அவ்வேளையில் அந்நாட்டிலோ, இந்தியர் நிலம் வாங்குவதையும் வசிப்பதையும் மீண்டும் எல்லைக்குள் அடைக்கும் சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. இருபதாண்டுகளுக்கு முன் சாஸ்திரியாரும் அவர் தோழரும் பேசிப் பின்வாங்கச் செய்த அதே எண்ணம் வேறு பெயருடன் திரும்பி வந்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி சாஸ்திரியார் காலமானார். ஜூன் மாதத்தில் அச்சட்டம் நிறைவேறியது. இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தி, தன் ஹை கமிஷனரைத் திரும்ப அழைத்து, அவ்வாண்டிலேயே வழக்கை ஐக்கிய நாடுகள் சபையின் முன் கொண்டு சென்றது.