தோட்டக் கலைஞர் கிரும்பிகல்

ஆண்டுதோறும் குடியரசு நாளையொட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடைபெறுவதும், நம் குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்று பகற்பொழுது முழுவதையும் அங்கே கழித்து வருவதும் அன்பர்கள் யாவரும் அறிந்ததே. கண்ணாடி மாளிகையில் பூக்களாலேயே இயற்றப்பட்ட உருவங்களைக் கண்டு வியந்து, பெரும்பாறையின் மீதேறிக் கெம்பேகௌடர் கோபுரத்தின் அருகே இளைப்பாறி, பழைய இலவ மரத்தின் அடியில் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது நமக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு நானும் மனைவி மக்களுடன் அவ்வாறே சென்றேன். திரும்புங்கால், தோட்டத்தை அடுத்த சாலையின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த என் இளைய மகன், கிரும்பிகல் என்பது எந்தக் கல் என்று வினவினான். மூவாயிரம் மில்லியன் ஆண்டுப் பழமையுடையது என்று சொல்லப்படும் பாறையைச் சற்று முன்னர்தான் பார்த்து வந்தவனாதலின், அதுபோல் இன்னுமொரு பாறை எங்கேனும் இருக்கும் என்று எண்ணினான் போலும். அது கல் அன்று, ஒரு மனிதரின் பெயர் என்றேன். அதற்குமேல் அவன் கேட்டவற்றுக்கு என்னிடம் விடையில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரின் உப்பைத் தின்றும் இவ்வளவுகூடத் தெரியவில்லையே என்ற நாணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் 1865-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், ஜெர்மனி நாட்டின் சாக்சனிப் பகுதியில், டிரெஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள லோமன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தோட்டக் கலையைத் தம் தொழிலாகக் கொண்டு, வில்ஸ்டிரஃப், பில்னிட்ஸ் ஆகிய ஊர்களில் பயின்றார். இவற்றுள் பில்னிட்ஸைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். லால்பாக்கில் நாம் காணும் அழகுக்கு வித்து எங்கே விழுந்தது என்பதை அவ்வூரைக் கொண்டு ஒருவாறு அறியலாம்.

எல்பா ஆற்றங்கரையில், சாக்சனி மன்னர்கள் கோடை நாட்களைக் கழிப்பதற்கெனக் கட்டிய அரண்மனை அங்கே இருக்கின்றது. அரண்மனையைச் சூழ்ந்து பரந்த பூங்கா; அதற்கப்பால் மலைச்சரிவில் அரசருக்கென்றே இருந்த திராட்சைத் தோட்டம்; அத்தோட்டத்தின் நடுவே, திராட்சைத் தோட்டக் கோயில் என்றே பெயர் வழங்கும் ஒரு தேவாலயம். அவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் 800 ஆண்டுகளுக்கு மேலாகத் திராட்சை பயிரிட்டு மது வடித்து வருகின்றனர். மது என்றதும் நம் தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. காவிரிக் கரையில் நமக்கு நெல்லும் தென்னையும் எவ்வாறோ அவ்வாறே அந்நாட்டினர்க்குத் திராட்சை. அஃது உழவும், வரும்படியும், விழாவும் ஆகும். இன்று அவ்வரண்மனை கைவினைக் கலைப் பொருட்காட்சிச் சாலையாக விளங்குகின்றது. டிரெஸ்டனிலிருந்து குடும்பத்தினர் ஆற்றில் நீராவிப் படகேறி வந்து இறங்கி, கலைப் பொருள்களைக் கண்டு, பூங்காவில் உலாவி, கொடிகள் படர்ந்த சரிவில் ஏறி இறங்கி மாலையில் திரும்புகின்றனர். ஏறக்குறைய நாம் லால்பாக் சென்று வருவதைப் போலத்தான்.

அப்பூங்காவில் 1801-இல் நடப்பெற்ற கமேலியாச் செடி ஒன்று பெருமரமாக வளர்ந்து இன்றும் பூக்கின்றது. கீழ்த்திசை நாட்டுச் செடியாதலின் அந்நாட்டுப் பனியைத் தாங்காது. ஆதலின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதனைச் சுற்றிக் கூடு அமைத்துக் காப்பாற்றி வந்தனர். 1905-இல் கடுங்குளிரில் அக்கூடு தீப்பற்றி எரிந்தபோது, அணைப்பதற்கு இறைத்த நீரே செடியின்மேல் பனிக்கட்டியாக உறைந்து அதனைக் காத்ததாம். இப்போது சக்கரங்களின் மீது நகரும் கண்ணாடி வீடு அதற்கு இருக்கின்றது. வேற்று நாட்டுச் செடியை வேற்று மண்ணில் வாழ வைப்பதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை மாணவப் பருவத்துக் கிரும்பிகல் அங்கே நாள்தோறும் கண்டிருக்க வேண்டும்.

1887-இல் சாக்சனித் திராட்சைத் தோட்டங்களில், வேரைத் தின்னும் ஒருவகைப் பூச்சி புகுந்து கொடிகளை அழிக்கத் தொடங்கிற்று. மறு ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதில், கிரும்பிகல் இங்கிலாந்து சென்றார். இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நான் கூற வரவில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் புறப்படும் இளைஞனுக்குக் காரணங்கள் பலவாக இருக்கும் என்பது இம்மலரைப் படிக்கும் நமக்குத் தெரியாததன்று. இலண்டனில் ஹைடு பார்க்கில் மலர்ப் பாத்திகள் அமைக்கும் வேலை கிடைத்தது. பின்னர் கியூ நகரத்து அரசத் தாவரத் தோட்டத்தில் இடம் பெற்றார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் செடிகள் வந்து குவியும் அத்தோட்டம், தோட்டக் கலைஞர்க்கு ஒரு பல்கலைக்கழகம் போன்றது.

அங்கிருந்து 1893-இல் அவரை இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் ஆவார். பரோடாவில் சுமார் 15 ஆண்டுகள் தோட்டங்களை மேற்பார்த்து வந்த கிரும்பிகலை, 1908-இல் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தம் அரசின் பணிக்கு வரவழைத்தார். அப்பொழுது மைசூரில் திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த வி. பி. மாதவராவ் என்பதை நம் தஞ்சை மாவட்டத்து அன்பர்களுக்காக இடையே சொல்லி வைக்கிறேன்.

நிற்க. அவர் பொறுப்பேற்ற லால்பாக் அன்றைக்கே நூற்றைம்பதாண்டுப் பழமை உடையது. 1760-இல் ஹைதர் அலி அதனைத் தொடங்கி, டில்லி, லாகூர், முல்தான் முதலிய இடங்களிலிருந்து செடிகளைத் தருவித்தார். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்தும் வரவழைத்து அதனைப் பெருக்கினார். மண்ணைக் கொத்திப் பண்படுத்தியவர்கள் திகளர் என்னும் தோட்டக்கார மக்கள் என்பர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் என்றும், அவர்கள் பேச்சில் தமிழ் கலந்திருக்கும் என்றும் கூறுவர். சித்திரைப் பௌர்ணமியில் இரவு முழுவதும் நடைபெறும் கரக விழா அவர்களுடையதே. ரெயில் வருவதற்கும், நம் போன்றோர் எழுதுகோலுடன் வந்து இறங்குவதற்கும் வெகு காலம் முன்னரே, மண்வெட்டியுடன் வந்தவர்கள் அவர்கள். திப்புவின் வீழ்ச்சிக்கு மறு ஆண்டு, 1800-இல், இத்தோட்டத்தைப் பார்வையிட்ட புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், சைப்ரஸ் மரமும் திராட்சைக் கொடியும் இங்கே செழித்து வளர்வதைக் குறித்து வைத்திருக்கின்றார். திராட்சைச் சரிவுகளின் நடுவே தொழில் பயின்றவருக்குப் பெங்களூர் மண் முற்றிலும் அந்நியமாக இராது. பெங்களூரைச் சுற்றி விளையும் நீலத் திராட்சை இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றது. நந்தி மலையடிவாரத்தில் மது வடிக்கும் திராட்சைத் தோட்டங்களையும் இப்பொழுது மக்கள் பார்வையிட்டு வருகின்றனர்.

கிரும்பிகலுக்கு முன்னர் லால்பாக்கை ஆண்டவர் ஜான் கேமரன். 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகை அவர் காலத்தது. நம் வீடுகளில் கூட்டுக்கும் சாம்பாருக்கும் வாங்கும் சௌசௌவை இங்கே கொணர்ந்தவரும் அவரே என்பர். அக்காய்க்குத் தமிழ்நாட்டில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்ற பெயர் வழங்குவது அதனாலேயே போலும். இத்தகையவர் விட்டுச் சென்ற நாற்காலியில் அமர்வது எளிதன்று. ஆயினும் கேமரன் தோட்டத்தை வளர்த்தார் என்றால், கிரும்பிகல் தோட்டத்தின் மதிற்சுவரைத் தாண்டி நகருக்குள் அதனைக் கொண்டு சென்றார் எனலாம்.

அவர் கருத்து இதுதான். மரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் பூப்பதில்லை. சில மாசியில் பூக்கும், சில சித்திரையில், சில மழைக்குப் பின்னர். எந்த மரம் எப்பொழுது பூக்கும் என்பதை அறிந்து, சாலைகளில் அவற்றைப் பகுத்து நட்டால், ஒரு சாலை பூத்து ஓயும்பொழுது மற்றொரு சாலை பூக்கத் தொடங்கும். ஆண்டின் எந்தத் திங்களிலும் நகரில் எங்கேனும் ஒரு தெரு மலர்ந்திருக்கும். நாம் ரெயில் வண்டிகளுக்கு நேர அட்டவணை வகுப்பது போல அவர் பூக்களுக்கு வகுத்தார். நம் வண்டிகளைவிட அவர் பூக்கள் நேரந்தவறாமல் வந்தன என்று என் அலுவலக நண்பர் ஒருவர் நகையாடினார். ஊதா நிற ஜகரண்டாவும், செந்தழல் போன்ற மயில்கொன்றையும், குடைபோல் விரியும் தூங்குமூஞ்சி மரமும் பெங்களூர்ச் சாலைகளுக்கு ஒரு தனி முகத்தைக் கொடுத்தன. இவற்றுள் பல நம் நாட்டு மரங்களே அல்ல; கடல் கடந்து வந்தவை. இன்று அவற்றை அயல் மரம் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆனால் ஒன்று. இன்று பெங்களூரில் காணும் மரங்கள் யாவும் அவர் நட்டவையே என்று சிலர் பேசுவது மிகையாகும். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் அவர்கள் இலட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டுக் காத்தார். அப்புகழை அவருக்கே உரியதாக்குதல் வேண்டும். சாலைகளை அகலமாக்குவதற்காக இருவர் காலத்து மரங்களும் வீழ்ந்து வருவதையும் நாம் கண்ணால் கண்டு வருகிறோம்.

1912-இல் மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியதும் கிரும்பிகலின் பணிக்காலத்தில்தான். நாம் ஆண்டுதோறும் கண்டு மகிழும் மலர்க் கண்காட்சிகளை நடத்துவதில் அச்சங்கத்துக்கும் பங்குண்டு. கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில் அமைந்த பிருந்தாவனத் தோட்டத்துக்குத் திட்டம் வகுத்ததிலும் அவர் கைவண்ணம் இருந்தது. திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில், 1932-இல் அத்தோட்டம் நிறைவுற்றது. நம் குழந்தைகளைப் பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துச் செல்லாத குடும்பம் இக்குடியிருப்பில் இராது.

அதே 1932-இல் அவர் ஓய்வு பெற்றார். வயது அறுபத்தாறு.

ஓய்வு பெற்றால் ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே தங்குவதா என்ற பேச்சு நம்மிடையே ஓயாத பேச்சாகும். இன்னும் எத்தனை ஆண்டு சர்வீஸ் என்று கணக்கிடும்போதே சொந்த ஊரில் ஒரு மனை, அதில் ஒரு கிணறு, இரண்டு தென்னை என்று மனம் ஓடுகின்றது. எனக்கு மூத்தவர் ஒருவர் அவ்வாறே மன்னார்குடிக்குச் சென்று வீடு கட்டினார். ஆறு திங்களில் திரும்பிவிட்டார். ஊர் அப்படியே இருந்தது, தெரிந்த முகங்கள்தாம் இல்லை என்று சொன்னார். கிரும்பிகல் இதைப் பற்றி என்ன எண்ணினாரோ, நாம் அறியோம். செய்ததைத்தான் அறிவோம். அவர் திரும்பவில்லை. மைசூர் அரசுக்குக் கட்டடக்கலை ஆலோசகராக இருந்துகொண்டு பெங்களூரிலேயே வாழ்ந்து வந்தார்.

ஆனால் பிறந்த நாடு அவரை எளிதில் விடவில்லை. 1914-இல் முதற் பெரும்போர் மூண்டபோதே இந்தியாவிலிருந்த ஜெர்மானியர்கள் ஐயத்துக்குரியவராயினர். 1939-இல் இரண்டாம் போர் தொடங்கியது. மற்ற ஜெர்மானியரைப் போலவே கிரும்பிகலும் பகை நாட்டவர் எனக் குறிக்கப்பெற்று, பெங்களூரில் ஒரு முகாமில் சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். எழுபது வயதைக் கடந்த முதியவர். இந்தியாவுக்கு வந்து 45 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர் நட்டுவித்த மரங்களின் நிழலில் ஊரார் நடந்துகொண்டிருக்க, அவர் மட்டும் அயலார் என்று வேலிக்குள் இருந்தார். சட்டத்தின் கண்ணுக்கு ஒருவன் பிறந்த இடம்தான் தெரியும். வாழ்ந்த இடம் தெரிவதில்லை.

1945 பிப்ரவரியில், அவர் இளமையில் அறிந்த டிரெஸ்டன் நகரம் விமானக் குண்டுகளால் இரண்டே நாட்களில் எரிந்து அழிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 79. ஆற்றின் மேற்புறத்திலிருந்த பில்னிட்ஸ் அரண்மனையும் பூங்காவும், அந்தக் கமேலியா மரமும் தப்பின.

போர் முடிந்தது; இந்தியா விடுதலை பெற்றது; மைசூர் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. இம்மாறுதல்களையெல்லாம் பெங்களூரில் இருந்தே கண்ட கிரும்பிகல், 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் இந்நகரிலேயே காலமானார். லால்பாக்கை அடுத்த சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தோட்டத்துக்குள் அவர் பெயரால் ஒரு பழைய மண்டபமும் இருந்தது. கவனிப்பாரின்றிச் சிதைந்து 2017-இல் அஃது இடிந்து விழுந்தது.

அவரை அடக்கம் செய்த இடம் ஓசூர்ச் சாலையிலுள்ள மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டம் ஆகும். இவற்றை எல்லாம் என் மகனுக்கு ஒருநாள் மாலை சொல்லி முடித்தபோது, அந்தக் கல்லறையில் அவர் நட்ட மரம் ஏதேனும் இருக்குமா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இவ்வாண்டு மலர்க் கண்காட்சிக்குப் போகும்போது ஓசூர்ச் சாலையைச் சுற்றிக்கொண்டு போவதென்று இருவரும் முடிவு செய்திருக்கின்றோம்.