இருட்டறையில் எழுந்த நிலவு

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1902ஆம் ஆண்டு பிறந்தவர் ஆன்சல் ஆடம்ஸ். பள்ளியில் அமைதியாக அமர்ந்து படிக்க அவரால் இயலவில்லை. எனவே, தந்தை அவரை வீட்டிலேயே படிக்க வைத்தார். 12 வயதில் பியானோ வாசிக்கத் தாமாகவே கற்கத் தொடங்கினார். இசைக்கலைஞராக வேண்டும் என்பதே அவரது கனவாக இருந்தது.

1916ஆம் ஆண்டு அவர் குடும்பத்தினருடன் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குச் சென்றார். அங்கே பெற்றோர் கொடுத்த கோடாக் கேமரா அவரது வாழ்வின் திசையை மாற்றியது. ஊர் திரும்பிய பின், படங்களைக் கழுவி அச்சிடும் ஒருவரிடம் பகுதிநேரமாக வேலை செய்து இருட்டறைத் தொழிலைக் கற்றார். பல ஆண்டுகள் இசைக்கும் புகைப்படத்திற்கும் இடையே தவித்தவர், 1930ஆம் ஆண்டில் புகைப்படக்கலையையே தேர்ந்தெடுத்தார்.

1941ஆம் ஆண்டு, ஒரு மாலை வேளை. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னான்டஸ் என்னும் சிற்றூர் வழியே அவர் காரில் வந்துகொண்டிருந்தார். வானில் நிலவு எழுந்திருந்தது. சாயும் கதிரவனின் ஒளி கல்லறைச் சிலுவைகளின்மீது பட்டு மின்னியது. காரை நிறுத்திவிட்டு ஒளிமானியைத் தேடினார், கிடைக்கவில்லை. நிலவின் ஒளியளவு மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டுப் படம் எடுத்தார். மறுபடம் எடுப்பதற்குள் சிலுவைகளின்மீது இருந்த ஒளி மறைந்துவிட்டது.

கிடைத்த ஒரே நெகட்டிவும் அச்சிடுவதற்குக் கடினமாக இருந்தது. எனவே, ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தாளின் சில பகுதிகளில் ஒளி படாமல் சிறிது நேரம் மறைத்தார். வானத்திற்குக் கூடுதல் ஒளி தந்தார். முதலில் அச்சிட்ட படங்களில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரிந்தன. பிற்காலப் படங்களிலோ வானம் கரிய நிறம் கொண்டது. அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை அச்சிட்டார். நெகட்டிவ் இசைக்குறிப்பைப் போன்றது. அச்சிடுவதோ அதை வாசித்துக் காட்டுவதைப் போன்றது என்பது, பியானோ பயின்ற அவரது கருத்து.

எல்லாக் கலைஞர்களும் இப்படி எண்ணவில்லை. பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்ட்டியே பிரெசோன், சரியான நொடியைப் படம்பிடிப்பதிலேயே கவனம் செலுத்தினார். அச்சிடும் பணியைத் தேர்ந்த அச்சாளர்களிடம் ஒப்படைத்தார். அவருடைய படங்களும் உலகப் புகழ் பெற்றன. ஆடம்ஸும் சிறிது விட்டுக்கொடுத்தார். யோசெமிட்டிக்கு வரும் பயணிகள் குறைந்த விலையில் வாங்குவதற்காக, சில படங்களை மட்டும் உதவியாளர்கள் அச்சிட இசைந்தார்.

தாம் கற்ற நுட்பங்களை அவர் தமக்குள் பூட்டி வைக்கவில்லை. கேமரா, நெகட்டிவ், அச்சு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நூல்கள் எழுதினார். 1984ஆம் ஆண்டு, தமது 82ஆம் வயதில் காலமானார். ஹெர்னான்டஸில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. அந்த மாலையின் அழகைத் தாளில் கொண்டுவர அவர் உழைத்ததோ பல்லாண்டுகள். நாம் இன்று காணும் நிலவு அந்த உழைப்பில் எழுந்த நிலவே.