கல்லுக்குள் காற்றைக் கண்டவர்

குட்டீஸ்! சோடா பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு ஒரு வாயு வெளியே வருகிறதே, அது என்ன தெரியுமா? அதுதான் கரியமில வாயு. கார்பன் டை ஆக்சைடு என்றும் சொல்வோம். நாம் விடும் மூச்சிலும் அது இருக்கிறது. பூமியின் சூடு ஏறிக்கொண்டே போவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். இந்த வாயுவை எடை போட்டு, இது சாதாரணக் காற்று அல்ல, வேறு ஒன்று என்று நிரூபித்தவர் ஜோசப் பிளாக். அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

ஜோசப் பிளாக் 1728-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகரில் பிறந்தார். அப்பா ஜான் பிளாக், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துக்காரர். போர்டோவில் திராட்சை மது வியாபாரம் செய்துவந்தார். அம்மா ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். அத்தனை வேலைகளுக்கு நடுவிலும், பிளாக்குக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அம்மாதான்.

12 வயதில் பிளாக் பெல்பாஸ்ட் நகருக்குப் படிக்க அனுப்பப்பட்டார். அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும் என்று அப்பா வற்புறுத்தவே, மருத்துவம் படிக்க ஆரம்பித்தார். அங்கே வேதியியல் நடத்திய வில்லியம் கல்லன் என்ற ஆசிரியருக்கு இந்த மாணவனை மிகவும் பிடித்துப்போனது. தன் ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளராக வைத்துக்கொண்டார்.

மருத்துவப் படிப்பை முடிக்க எடின்பரோ நகருக்குப் போனபோதுதான் பிளாக்குக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகிப் பலர் வலியால் துடித்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். எந்தச் சுண்ணாம்பு நல்லது? கிளிஞ்சலைச் சுட்டு எடுப்பதா, சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு எடுப்பதா? இதில் இரண்டு பேராசிரியர்களுக்குள் பெரிய சண்டை. ஒருவர் பக்கம் பேசினால் இன்னொருவருக்குக் கோபம் வரும்!

பிளாக் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொண்டார். சுண்ணாம்பை விட்டுவிட்டு, வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கும் வெள்ளை மக்னீசியா என்ற பொடியை ஆராய்ந்தார். அந்தப் பொடியில் அமிலத்தை ஊற்றினால் பொங்கி நுரைக்கும். அதையே நன்றாகச் சுட்டபோது, எடை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது! சுட்ட பிறகு அமிலத்தை ஊற்றினால் நுரையும் வரவில்லை. காணாமல் போன எடை எங்கே? கொஞ்சம் நீராவிதான் பிடிபட்டது. அப்படியானால் மீதி எடையோடு ஓடிப்போனது ஒரு வாயுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பிளாக் கண்டுகொண்டார். பொட்டாஷ் உப்பைச் சேர்த்து, ஓடிப்போன வாயுவை மக்னீசியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஏறக்குறைய பழைய எடை வந்துவிட்டது. நுரையும் வந்துவிட்டது!

சுண்ணாம்பின் ரகசியமும் இதேதான். சுட்ட சுண்ணாம்பு கையைப் பொத்துவிடும் அல்லவா? நெருப்பு உள்ளே புகுந்துகொள்வதால்தான் அந்தக் காரம் என்று அதுவரை பலர் நினைத்தார்கள். உள்ளே எதுவும் புகவில்லை, உள்ளே இருந்த வாயு வெளியேறியதுதான் காரணம் என்று பிளாக் காட்டினார். 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக் கல்லை முழுவதும் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்புதான் மிஞ்சும். 44 கிராம் வாயுவாகப் பறந்துவிடும். சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தாலோ, காற்றில் இருக்கும் அந்த வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு பழையபடி ஆகிவிடும்.

கல்லுக்குள் கட்டுண்டு கிடந்ததால், இதற்குக் கட்டுண்ட காற்று என்று பொருள்படும் பெயரை பிளாக் வைத்தார். 1754-ல் இதுவே அவரது மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வு. அப்போது அவருக்கு வயது 26. தெளிந்த சுண்ணாம்பு நீரில் இந்த வாயு பட்டால் நீர் பால்போல வெளுக்கும். நம் மூச்சிலும், எரியும் கரியிலும், புளித்துப் பொங்கும் மாவிலும் இதே வாயு வருவதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

பிறகு பிளாக் கிளாஸ்கோவில் பேராசிரியரானார். பனிக்கட்டி உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் எவ்வளவு வெப்பம் மறைந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞருக்கு நீராவியின் வெப்பத்தை விளக்கினார், பணமும் கொடுத்து உதவினார். அந்த இளைஞர் யார் தெரியுமா? ஜேம்ஸ் வாட்! 1769-ல் வாட் காப்புரிமை பெற்ற நீராவி இயந்திரம் பழைய இயந்திரத்தைவிட மிகக் குறைவாகவே நிலக்கரியைத் தின்றது. ஆனால் அது நன்றாக வேலை செய்ததால் ஊரெங்கும் பரவியது. தொழிற்சாலைகள் பெருகின. மொத்தத்தில் எரிந்த நிலக்கரி பல மடங்காகிவிட்டது. கரியமில வாயுவைக் கண்டுபிடித்தவரின் நண்பரே, அது வானத்தில் பெருகவும் காரணமாகிவிட்டார் பாருங்கள்! பிளாக் காலத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு இருந்த இந்த வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

1766-ல் எடின்பரோவுக்குத் திரும்பிய பிளாக், நீண்ட காலம் அங்கேயே பாடம் நடத்தினார். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அதனால் சாப்பாட்டைக்கூட அளந்துதான் சாப்பிடுவார். 1799-ல் பால் கிண்ணத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே அவர் உயிர் பிரிந்தது. ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை என்று அவருடைய நண்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிளாக்கின் கண்டுபிடிப்பு இன்றைக்கு எதற்கு உதவுகிறது என்கிறீர்களா? சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக் கல்லைத்தானே சுடுகிறார்கள்? சூரிய சக்தியால் சுட்டாலும், கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வந்தே தீரும். அதனால் அதைப் புகைபோக்கியிலேயே பிடித்தாக வேண்டும். நார்வே நாட்டின் பிரெவிக் ஊரில் உள்ள சிமென்ட் ஆலை 2025 முதல் இதைச் செய்கிறது. அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் புகையை விடுவார்கள். அந்த நீர் கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். சூடாக்கினால் விட்டுவிடும். பிளாக்கின் சுண்ணாம்பு செய்ததும் இதே வேலைதானே! இப்படி ஆண்டுக்கு 4 லட்சம் டன் வாயுவைப் பிடித்து, திரவமாக்கி, கப்பலில் கொண்டுபோய், கடலடித் தரைக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் செலுத்துவதே திட்டம்.

ஐஸ்லாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 2012-ல் இந்த வாயுவைச் சோடாபோலத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் அதில் 95 சதவீதத்துக்கும் மேல் கல்லாகிவிட்டது! கட்டவிழ்ந்த காற்று மறுபடியும் கட்டுண்டுவிட்டது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எண்ணெய், நிலக்கரி, எரிவாயு எரிப்பதால் மட்டும் உலகம் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கும் மேல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. பிடித்துப் பூட்டுவதோ அதில் மிகச் சிறிய பங்குதான். எனவே புகையைக் குறைப்பதே முதல் வேலை. குறைக்கவே முடியாததைப் பிடித்துப் பூட்டுவது அடுத்த வேலை.

காணாமல் போன எடை எங்கே என்று ஒரு மாணவர் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில் 270 ஆண்டுகளுக்குப் பிறகும் பூமிக்கு உதவுகிறது. நீங்களும் வகுப்பில் தயங்காமல் கேள்வி கேளுங்கள், குட்டீஸ்!