ஜி. சுப்பிரமணிய ஐயர்

ஜி. சுப்பிரமணிய ஐயர் (ஜனவரி 19, 1855 – ஏப்ரல் 18, 1916) தமிழ்நாட்டைச் சேர்ந்த இதழாளர், சமூக சீர்திருத்தவாதி, விடுதலைப் போராட்ட முன்னோடி ஆவார். தி இந்து ஆங்கில இதழை நண்பர்களுடன் சேர்ந்து நிறுவியவர். சுதேசமித்திரன் தமிழ் இதழைத் தொடங்கியவர்.

இளமை

தஞ்சாவூர் மாவட்டம் திருவையாற்றில் பிறந்தார். தந்தை கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருந்தார். 13 வயதில் தந்தையை இழந்த சுப்பிரமணிய ஐயர் தஞ்சாவூரில் பயின்று, சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார்.

ஒன்றே முக்கால் ரூபாய் முதல்

தஞ்சை மாவட்டம் உச்சுவாடியில் பிறந்த தி. முத்துசாமி ஐயர் 1878ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அம்மன்றத்தில் இப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இந்நியமனத்தைத் தாக்கி எழுதின. அவற்றுக்கு மறுமொழி கூற வலுவான இந்திய இதழ் ஏதும் அப்போது சென்னையில் இல்லை. திருவல்லிக்கேணியில் கூடிப் பழகிய ஆறு இளைஞர்கள் அக்குறையைத் தாமே தீர்க்க முனைந்தனர். சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், ஏனைய நால்வர் சட்ட மாணவர்கள். கடனாகப் பெற்ற ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கொண்டு 80 படிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20, 1878 அன்று தி இந்து வார இதழை வெளியிட்டனர்.

மாணவர்கள் விரைவில் தம் தொழிலை நாடிச் சென்றனர். ஆசிரியர் பொறுப்பைச் சுப்பிரமணிய ஐயரும் நிருவாகத்தை வீரராகவாச்சாரியாரும் ஏற்றனர். இதழ் 1883இல் வாரம் மும்முறையும் 1889 முதல் நாள்தோறும் வெளிவந்தது. ஆங்கிலம் அறியாதவர்க்கும் அரசியல் சென்று சேரவேண்டும் என்பதற்காகச் சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரன் வார இதழையும் தொடங்கினார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே.

கூட்டாளியுடன் பிரிவு

இளவயதில் விதவையான தம் மகள் சிவப்பிரியாவுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்தார். உறவினரும் ஊராரும் அவரை ஒதுக்கினர். எனினும் குழந்தை மணத்தையும் விதவைக் கொடுமையையும் சாதி வேற்றுமையையும் இதழில் தொடர்ந்து கண்டித்து எழுதினார். சந்தா செலுத்தியவர்களுள் பழமை விரும்பிகள் பலர். அவர்கள் மனம் கசந்தனர். அவதூறு வழக்குகளும் பணத்தைக் கரைத்தன. வாசகர் விரும்பாததை எழுதி இதழை இழக்கலாகாது என்பது நிருவாகியின் கவலை. தாளுக்கும் கூலிக்கும் பணம் தேடவேண்டியவர் அவர் என்பதால், அக்கவலையை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட இயலாது. சுப்பிரமணிய ஐயரோ வாசகரை முன்னே அழைத்துச் செல்வதற்கே இதழ் என்று கருதினார். 1898இல் கூட்டு கலைந்தது. தி இந்துவில் தமக்கிருந்த உரிமையை விட்டு அவர் வெளியேறினார்.

ஆயினும் எச்சரிக்கை மட்டும் இதழைக் காக்கவில்லை. நலிவுற்ற தி இந்துவை 1905இல் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூரில் பிறந்த வழக்குரைஞர் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

சுதேசமித்திரன் காலம்

பிரிந்த மறு ஆண்டே, 1899இல், சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். ஆங்கில இதழே தள்ளாடிய நாளில் தமிழில் நாளிதழ் நடத்துவது துணிகரமான செயலாகும். அரசியலையும் பொருளியலையும் எழுதத் தமிழ் உரைநடை அப்போது இன்னும் பழகியிருக்கவில்லை. 1904இல் சுப்பிரமணிய பாரதியைத் துணையாசிரியராகச் சேர்த்துக்கொண்டார். இங்கு ஒரு முரணைக் காணலாம்: தம் தீவிரக் கருத்துகளுக்குச் சுதேசமித்திரனில் போதிய இடமில்லாமல் பாரதி 1906இல் இந்தியா வார இதழுக்குச் சென்றார். உரிமையாளர் இருக்கையில் அமர்ந்தபின் சுப்பிரமணிய ஐயரும் எழுத்துகளை எடைபோட்டே வெளியிட நேர்ந்தது போலும்.

பொருளியல் கருத்துகள்

1897இல் இலண்டனில் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியமளித்தார். ஆங்கில ஆட்சியின் பொருளியல் விளைவுகள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1903இல் வெளிவந்தது. மூலப்பொருளை ஏற்றுமதி செய்து உழவை மட்டும் நம்பியிருக்கும் நாடு வறுமையிலிருந்து மீளாது என்றும், இந்தியர் புதிய தொழில்களில் இறங்கவேண்டும் என்றும் வாதிட்டார்.

இறுதிக்காலம்

1908இல் அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். ஏற்கனவே தொழுநோயால் துன்புற்றிருந்த அவர், உறுதிமொழி அளித்து விடுதலை பெற்றார். 1915இல் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று காலமானார்.