ஆந்திரே மிஷெலின்: வழிகாட்டி வாணிகம் வளர்த்தவர்

வாணிகம் செய்வோர் தம் சரக்கின் உயர்வை எடுத்துரைத்தல் யாண்டும் இயல்பே. வாங்குவோனுக்குக் குறையாயிருப்பது யாது என்று ஆராய்ந்து, அக்குறையை விலையின்றித் தீர்த்து வைத்து, அதன் வாயிலாகத் தம் சரக்குக்கு இடம் தேடிக்கொள்ளுதலோ அரிது. அவ்வரிய வழியைக் கைக்கொண்டு, பெருநகரங்களுக்குத் தொலைவிலிருந்த ஒரு சிறு தொழிற்சாலையின் பெயரை உலகறியச் செய்தவர் பிரெஞ்சு நாட்டினராகிய ஆந்திரே மிஷெலின் என்பார். அவருடைய சரிதம், கல்வி முடித்துத் தொழிற்றுறையிற் புகவிருக்கும் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுமாதலின், ஈண்டுச் சுருக்கி வரையப்படுகின்றது.

ஆந்திரே 1853-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அந்நகரத்திலுள்ள புகழ்பெற்ற பொறியியற் கல்லூரியில் பயின்று 1877-இல் தேறினார்; கட்டிடக் கலையும் கற்றார்; பின்பு பாரிஸிலேயே இரும்பு வேலைத் தொழில் ஒன்றை நடத்தி வந்தார். அவர்தம் இளவல் எதுவார் 1859-இல் பிறந்தவர். ஓவியம் பயின்று, தூரிகையையே வாழ்க்கைத் துணையாகக் கொள்ள எண்ணியிருந்தவர்.

இவ்விருவருடைய தாய்வழிப் பாட்டனார்க்குக் கிளெர்மோன் பெரான் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. உழவுக் கருவிகளும் சிற்சில ரப்பர்ப் பொருள்களும் அங்கே செய்யப்பட்டன. பாட்டனார் காலத்திற்குப்பின் அது நாளடைவில் நலிந்து, மூடப்படும் நிலையை அடைந்தது. குடும்பத்தார் வேண்டுகோட்கிணங்கிச் சகோதரர் இருவரும் அதனைத் தாங்க முன்வந்தனர். 1889-இல் அது மிஷெலின் என்னும் பெயர் பூண்டது. எதுவார் ஓவியத்தைத் துறந்து கிளெர்மோனில் தங்கித் தொழிற்சாலையைக் கவனித்தார். ஆந்திரே பாரிஸில் இருந்துகொண்டு, அங்கே செய்யப்படும் பொருளை உலகத்தார்க்கு அறிவிக்கும் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்திற் காற்றடைத்த டயர் சைக்கிளுக்குப் புதிதாக வந்திருந்தது. அதனைச் சக்கரத்தின் வளையத்தோடு பசையிட்டு ஒட்டியிருந்தனர். முள்ளொன்று தைத்துவிட்டால், பிரித்தெடுத்துச் செப்பனிட மணிக்கணக்காகும். பசை உலர ஓர் இரவு கழியவேண்டும். இவ்வாறு பழுதுற்ற டயருடன் ஒருவர் தொழிற்சாலைக்கு வர, அதனைச் செப்பனிட்ட பொழுதே எதுவாரின் உள்ளத்தில், எளிதிற் கழற்றி மாட்டத்தக்க டயர் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. 1891-இல் அத்தகைய டயருக்கு அவர்கள் உரிமைப் பட்டயம் பெற்றனர். அவ்வாண்டே பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று மீளும் நெடும் பந்தயத்தில், அந்த டயர் பூட்டிய சைக்கிளேறிய சார்ல் தெரோன் என்பவர் முதலிடம் பெற்றார். மறு ஆண்டில் சகோதரர்கள் தாமே ஒரு பந்தயம் நடத்தி, வழியில் ஆணிகளையும் தூவி வைத்தனர். டயர் பழுதுபடும் என்பதை மறையாது, பழுதை விரைவில் நீக்கலாம் என்பதைக் கண்கூடாகக் காட்டிய துணிவு வியக்கத்தக்கதன்றோ! 1895-இல் பாரிஸ்-போர்தோ மோட்டார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயருடன் வண்டியோட்ட வேறொருவரும் முன்வராமையால், தாமே ஓட்டினர். வழிநெடுகப் பன்முறை டயர் பழுதுற்றது, பரிசும் கிட்டவில்லை. ஆயினும், மோட்டார் வண்டியும் காற்றின்மீது ஓடும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இனி, இச்சரிதத்தின் தலையாய பகுதிக்கு வருவோம். 1900-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாடு முழுவதிலும் இருந்த மோட்டார் வண்டிகள் மூவாயிரத்திற்கும் குறைவு. அவற்றை உடையோரும் தம்மூரை விட்டுத் தொலைவு செல்ல அஞ்சினர். வழியில் எண்ணெய் தீர்ந்தால் எங்கே வாங்குவது? யந்திரம் நின்றுவிட்டால் செப்பனிடுவார் எவ்வூரில் உளர்? இருட்டிவிட்டால் எங்கே தங்குவது? இவற்றுக்கு விடை கூறுவார் இலர். வண்டி ஓடாவிடின் டயர் தேய்வதில்லை. தேயாத டயருக்கு மாற்று டயர் வாங்குவார் யார்? ஆகவே, டயர் விற்கவேண்டுமாயின் முதற்கண் மக்களை வீட்டைவிட்டு வெளிக்கிளப்ப வேண்டும், அதற்கு அவர்தம் அச்சத்தைப் போக்கவேண்டும் என்று ஆந்திரே கண்டுகொண்டார்.

அவ்வாண்டு பாரிஸில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியை யொட்டி, சிவப்பட்டையிட்ட சிறு கையேடொன்று வெளிவந்தது. ஊர்களின் பெயர்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டு, ஒவ்வோர் ஊரிலும் எண்ணெய் கிடைக்குமிடம், வண்டி செப்பனிடுவோர், தங்கும் விடுதிகள், மருத்துவர், தபால் தந்தி நிலையங்கள் ஆகியன குறிக்கப்பட்டிருந்தன. டயரைக் கழற்றி மாட்டும் முறையும் விளக்கப்பட்டிருந்தது. மிஷெலின் டயர் கிடைக்குமிடங்களும் இடம்பெற்றிருந்தன. ஏறத்தாழ 35,000 பிரதிகள் அச்சிட்டு, வண்டியோட்டுவோர்க்கு விலையின்றி வழங்கினர். மூவாயிரம் வண்டிகள்கூட இல்லாத நாட்டில் இத்தனை பிரதிகளோ என்று எண்ணத் தோன்றும். ஆந்திரேயோ அன்றிருந்த வண்டிகளை நோக்கி அச்சிட்டாரல்லர்; இனி வரப்போகும் வண்டிகளை நோக்கி அச்சிட்டார். பிழையும் விடுபாடும் காணின் எழுதியனுப்புமாறு படிப்போரையும் வேண்டிக்கொண்டார். அதனால் ஆண்டுதோறும் நூல் திருத்தமுற்றது. படித்தோரும் அந்நூலைத் தமதென்றே கருதலாயினர்.

கொடை இதனோடு நிற்கவில்லை. டயரைப் பேணும் முறைகளைத் திங்கட்கிழமைதோறும் ஒரு பத்திரிகையில் எழுதிவந்தார். 1908-இல் பாரிஸில் ஓர் அலுவலகம் திறந்து, பயணம் செய்ய விரும்புவோர்க்கு வழித்திட்டம் வகுத்து இலவசமாகக் கொடுத்தார். 1910 முதல் சாலைப் படங்கள் வெளிவந்தன. ஊர் எல்லையில் ஊர்ப்பெயரையும் மெல்லச் செல்க என்னும் எச்சரிக்கையையும் தாங்கிய பலகைகளைச் செய்து சிற்றூர்களுக்கு வழங்கினர். சாலைகளுக்கு எண்ணிட வேண்டுமென்று 1912-இல் இரண்டு லட்சம் பேரிடம் கையொப்பம் வாங்கி அரசினர்க்கு விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் பயனும் தந்தது.

எனினும், இலவசமாய் வழங்குவதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை ஆந்திரே பின்னாளில் அறிந்தார். பெரும்போர் முடிந்தபின் ஒருநாள் டயர் விற்குமிடமொன்றிற்கு அவர் சென்றபொழுது, ஆட்டங்கொடுத்த வேலைமேசையொன்றின் காலுக்கு முட்டுக்கொடையாகத் தம் கையேடுகள் வைக்கப்பட்டிருக்கக் கண்டார் என்று அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். பல்லாண்டு உழைத்துத் திரட்டிய செய்தி மேசைக்காலின் கீழ்க் கிடந்த காட்சி அவர் நெஞ்சை எவ்வளவு வருத்தியிருக்கும்! விலை கொடாது பெற்றதை மாந்தர் மதியார் என்று அவர் தெளிந்தார். 1920 முதல் கையேட்டிற்கு ஏழு பிராங்க் விலை வைக்கப்பட்டது. அதனுடன், பிறரிடம் பணம் பெற்று அச்சிட்டுவந்த விளம்பரங்களும் நீக்கப்பட்டன. விலை கொடுத்து வாங்குவோன் செய்தியில் ஐயம் கொள்ளலாகாது என்பதே கருத்து. பின்னர், தம்மை இன்னாரென்று காட்டாது விடுதிகளிற் சென்று உண்டு சோதிப்போரும் அமர்த்தப்பட்டனர். 1926-இல் நல்லுணவு தரும் விடுதிகளுக்கு நட்சத்திரக் குறி இடத் தொடங்கினர்; 1931-இல் அது ஒன்று, இரண்டு, மூன்று என விரிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஆந்திரே பாரிஸில் இவ்வுலக வாழ்வை நீத்தார். எதுவார் 1940-இல் மறைந்தார்.

இலவசமாய்ப் பிறந்த அந்நூல் எத்துணை மெய்ம்மையுடையது என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். 1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபொழுது, பகைவர் வழிக்குறிகளை அகற்றியிருத்தல் கூடும் என்றெண்ணி, 1939-ஆம் ஆண்டுக் கையேட்டை மறுபதிப்புச் செய்து அதிகாரிகளுக்குக் கொடுத்தனர்.

ஒருவர் சரிதத்தை எழுதுவோர் நிறையை மட்டும் கூறிக் குறையை விடுதல் நேர்மையன்று. டயருக்கு வேண்டும் ரப்பருக்காக இந்தோசீனாவில் அந்நிறுவனம் தோட்டங்கள் வைத்திருந்தது. அங்கே கூலியாட்கள் கொடுந்துயர் உற்றனர். 1930-இல் பூரியெங் தோட்டத்தில் வேலைநிறுத்தமும் செய்தனர். வண்டியேறிச் செல்வோரின் இடரை அவ்வளவு நுணுகி ஆராய்ந்த நிறுவனத்தின் கண், மரத்தைக் கீறிப் பால் வடித்தோரின் இடரை அவ்வாறு நோக்கவில்லை. வாங்குவோனிடம் காட்டும் பரிவு உழைப்போனிடமும் சென்றாலன்றி நிறைவுபெறாது.

மாணவ நண்பர்காள்! நாளை உங்களுட் சிலர் சிறு அச்சுக்கூடமோ, மருந்துக்கடையோ, விதைக்கடையோ நடத்தக்கூடும். வருவோன் எதற்கு அஞ்சித் தயங்குகின்றான் என்பதை முதலிற் கேட்டறியுங்கள். நீங்கள் அறிந்ததில் அவனுக்குப் பயன்படுவதை மறைக்காமற் சொல்லுங்கள். விதை விற்பவன் விதைக்கும் பருவத்தையும் சொல்லிக் கொடுப்பானாயின், அடுத்த பருவத்தில் அவ்வுழவன் வேறு கடை நாடுவானோ? கொடுப்பது மெய்யாய்ப் பயன்தருவதாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. கொடுத்தது முட்டுக்கொடையாய்க் கிடக்கும் நாள் வந்தால், அதற்கு விலை வைக்க நாணலாகாது என்பது மற்றொன்று. ஆந்திரே மிஷெலின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இவையே.